சி.ஆர். கொப்பியிலிருந்து எக்செலுக்கு: ஒரு புள்ளி வந்த வழி

கொட்டாஞ்சேனையில் படிப்பிக்கும் ஓர் இளம் ஆசிரியை கேட்டிருந்த கேள்விக்கான பதில் இது. அவர் தரம் 9, 10, 11 என ஐந்து வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறார். மொத்தம் ஏறக்குறைய இருநூறு பிள்ளைகள். இதுவரை தடித்த அட்டைப் பதிவுக் கொப்பியான சி.ஆர். கொப்பியில் கோடு போட்டுப் புள்ளிகளை எழுதிவந்திருக்கிறார். இந்த ஆண்டிலிருந்து எல்லாம் எக்செலில் வேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டார். கட்டுரைகளை ரூப்ரிக் (எதைப் பார்ப்பது, எந்தப் படிக்கு எவ்வளவு என்று எழுதிய அட்டவணை) வைத்துத் திருத்துங்கள் என்று பகுதித் தலைவர் சொல்கிறார். எந்தச் செயலி நல்லது, எதை முதலில் செய்வது, எங்கெங்கே பிழைக்கும் என்பதுதான் கேள்வி.

எந்தச் செயலி என்பதை முதலில் முடித்துவிடுவோம் டீச்சர். பாடசாலைக் கணினியில் எக்செல் இருந்தால் எக்செல். போனிலும் வீட்டிலும் மாறி மாறி வேலை செய்வதென்றால் கூகுள் சீட்ஸ். இரண்டும் சரிவராவிட்டால் லிப்ரே ஆபிஸ், அது இலவசம். இருநூறு பிள்ளைகளின் புள்ளிக்கு மூன்றும் தாராளமாகப் போதும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு தாய் விடைத்தாளோடு வந்து, "என்ர பிள்ளைக்கு ஏன் டீச்சர் 58?" என்று கேட்டால், அந்த 58 எந்தெந்தத் தாளிலிருந்து, எந்தெந்தப் பகுதியிலிருந்து, எப்படிக் கூட்டி வந்தது என்று ஐந்து நிமிடத்தில் நீங்கள் காட்ட முடிய வேண்டும். சி.ஆர். கொப்பியில் அதைக் காட்ட முடிந்தது. வெட்டி எழுதினால்கூட வெட்டியது தெரியும். விரிதாளில் வெட்டியது தெரியாது. ஆகவே அந்த வழியை நாம்தான் கட்டி வைக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு பாடசாலையில் தரம் 8க்கு வகுப்பாசிரியையாக இருந்தேன். இரண்டாந் தவணைப் புள்ளிகளை எல்லாம் ஏற்றி முடித்துவிட்டு, பெயர்களை அகரவரிசைக்குக் கொண்டுவர நினைத்துப் மேலிருந்து கீழே போகும் பெயர் நிரலை மட்டும் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்தினேன். எக்செல் ஓர் எச்சரிக்கை காட்டியது. வாசிக்காமலே தட்டிவிட்டேன். பெயர்கள் இடம் மாறின, புள்ளிகள் இருந்த இடத்திலேயே நின்றன. திரையில் பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தேர்ச்சி அறிக்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்து, வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கணித விடைத்தாளோடு வந்தார். தாளில் 81, அறிக்கையில் 34. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் அறிக்கைகளையும் திரும்ப எழுதிக் கொடுத்தோம். ஆனால் அந்தப் பிள்ளை அந்த இரண்டு நாளும் வீட்டில் வாங்கிய ஏச்சைத் திரும்ப எடுக்க யாராலும் முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு கோப்பை மூன்று தாளாகத்தான் வைத்திருக்கிறேன். முதல் தாள் மூலப் புள்ளிகளுக்கு மட்டும். விடைத்தாளில் சிவப்புப் பேனையால் எழுதிய எண் எதுவோ அதுவே அங்கே இருக்கும். அதில் கூட்டலும் இல்லை, சராசரியும் இல்லை, நிறமும் இல்லை, வரிசைப்படுத்தலும் இல்லை. இரண்டாம் தாள் கணக்குக்கு, அது முதல் தாளைப் பார்த்துத் தானே கணக்கிடும். மூன்றாம் தாள் அச்சிடுவதற்கு. அதிபருக்கு வேண்டிய ஒழுங்கு, பெற்றோருக்கு வேண்டிய ஒழுங்கு எல்லாம் அங்கேதான். வரிசை மாற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் மூன்றாம் தாளில் மாற்றுங்கள். முதல் தாளில் கை வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அடையாளம், பாடசாலையில் சேரும்போது கொடுக்கும் சேர்விலக்கம்தான், பெயர் அல்ல. நம் இடாப்புகளில் தலைப்பெழுத்து முன்னால் வருவதால் அகரவரிசை போட்டால் தகப்பன் பெயரின் எழுத்துப்படிதான் வரிசைப்படும். ஒரே வகுப்பில் இரண்டு "ம. பாத்திமா"வும் மூன்று "எஸ். தர்ஷினி"யும் இருப்பது நமக்குப் புதிதல்ல. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விழுந்தாலே ஒரு தாள் மற்றத் தாளில் அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்காது. சேர்விலக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். இலக்கம் பூச்சியத்தில் தொடங்கினால், அல்லது பெற்றோரின் 077, 071 தொலைபேசி எண்களை அருகில் பதிவதென்றால், அந்த நிரலை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூச்சியத்தை விரிதாள் விழுங்கிவிடும்.

தமிழில் பெயர் எழுதுகிற நமக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. பாடசாலைகளில் பழைய பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் தட்டச்சிட்டது உண்மையில் தமிழ் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துரு அதைத் தமிழ்போல் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தக் கோப்பைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குவியல் தெரியும். அகரவரிசையும் பிழைக்கும், தேடலும் பிழைக்கும். அலுவலகத்திலிருந்து பெயர்ப்பட்டியல் வாங்கியதும் முதல் வேலையாக, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் பல இருக்கின்றன. பெயர்களை மட்டும் ஒட்டி மாற்றுங்கள், மற்ற விபரங்களை அங்கே கொண்டுபோக வேண்டாம். மாற்றிய பின் இடாப்போடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

சரி, இனிப் புள்ளி ஏற்றும் வேலை. இருபதுக்கு எட்டு என்றால் 8 என்று மட்டும் எழுதி, நிரலின் மேலே குறுக்கே போகும் ஒரு நிரையில் "முழுப் புள்ளி 20" என்று வையுங்கள். கலத்துக்குள் பின்னமாக எழுதாதீர்கள். பத்துக்கு எட்டு என்று சாய்கோடு போட்டு எழுதினால் விரிதாள் அதை ஒக்டோபர் 8ஆம் திகதி என்று (அமெரிக்க முறைத் திகதி உள்ள கணினியில் ஓகஸ்ட் 10 என்று) எடுத்துக்கொள்ளும். திரும்ப எண்ணாக மாற்றப் போனால், 2025 ஒக்டோபர் 8க்கு 45938 என்று வந்து நிற்கும், ஏனெனில் எக்செல் திகதியை 1900 ஜனவரி 1 முதல் எண்ணிய நாள்களாக வைத்திருக்கிறது. இதில் மாட்டியது நாம் மட்டுமல்ல. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் சில மரபணுக்களின் குறியீடுகளையே மாற்ற வேண்டி வந்தது. "மார்ச் 1", "செப்ட் 1" என்றிருந்த குறியீடுகளை எக்செல் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததும் அதற்கு ஒரு காரணம். விஞ்ஞானிகளே பெயரை மாற்றிக்கொண்டார்கள் என்றால், நாம் சாய்கோட்டை விடுவது பெரிய விஷயமல்ல.

தரவு சரிபார்ப்பு என்றொரு வசதி இருக்கிறது. அதில் 0க்கும் முழுப் புள்ளிக்கும் இடையில் உள்ள எண்ணையும், வராதவருக்கும் தராதவருக்கும் போடும் எழுத்துகளையும் மட்டும் ஏற்கும்படி கட்டலாம். கட்டாயம் போடுங்கள், 67ஐ 677 என்று அடித்தால் பிடித்துவிடும். ஆனால் 67ஐ 76 என்று அடித்தால் பிடிக்காது. அதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒரு வகுப்பின் விடைத்தாள் கட்டை எடுத்து, விரிதாளைப் பார்க்காமல், கல்குலேட்டரில் தாளுக்குத் தாள் கூட்டுவேன். அந்தக் கூட்டுத்தொகையும் நிரலின் கூட்டுத்தொகையும் ஒத்துவர வேண்டும். 9 வித்தியாசம் வந்தால், அல்லது 9ஆல் வகுபடும் வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. பழைய கணக்குப்பிள்ளைமாருக்குத் தெரிந்த வித்தை இது. ஆனால் கூட்டுத்தொகை ஒத்துவந்தாலும், ஒரு பிள்ளையின் புள்ளி அடுத்த பிள்ளையின் நிரையில் விழுந்திருக்கலாம். அதனால் இரண்டாவது வழியும் வேண்டும். வீட்டில் மகளையோ மருமகனையோ திரையைப் பார்த்து இலக்கத்தையும் புள்ளியையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, நான் தாளைப் பார்ப்பேன். ஆள் இல்லாவிட்டால், கணினியில் உள்ள எக்செலிலேயே கலங்களை வாசித்துக் காட்டும் கட்டளை ஒன்று இருக்கிறது. நாற்பது பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் போதும்.

வராத பிள்ளைக்கு என்ன போடுவது? இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அதிகம் அநியாயம் நடக்கிற இடம் இது. ஒரு பிள்ளை நான்கு கணிப்பீடுகளில் 72, 68, 70 எடுத்து, ஒன்றுக்கு டெங்குவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று வையுங்கள். வராத இடத்தில் 0 போட்டால் சராசரி 52.5. வெறுமையாக விட்டால் 70. முதலாவது சி, இரண்டாவது பி. சராசரி எடுக்கும் ஆவரேஜ் சார்பு வெறுங்கலத்தையும் எழுத்து உள்ள கலத்தையும் விட்டுவிடும், பூச்சியத்தை மட்டும் எண்ணும். ஆகவே வராதவருக்கு "வரவில்லை" என்பதற்கு அடையாளமாக ஓர் எழுத்துப் போடுங்கள். நான் "வ" என்று போடுகிறேன். வெறுமையாகவும் விட வேண்டாம், ஏனெனில் வெறுமை என்பது நீங்கள் இன்னும் ஏற்றவில்லை என்றும் ஆகலாம். வந்து எழுதி ஒன்றும் எடுக்காதவருக்கு மட்டும் 0. ஒப்படையைத் தராமலே விட்ட பிள்ளைக்கு "த". அந்த "த"வைக் கடைசியில் பூச்சியமாகக் கொள்வதா, இன்னும் கால அவகாசம் கொடுப்பதா என்பது ஆசிரியரின் முடிவு. முடிவு எடுக்கும்வரை அது கோப்பில் வேறாகத் தெரிய வேண்டும். இன்னொன்று, சக அடையாளம் போட்டுக் கலங்களைக் கூட்டினால் எழுத்து உள்ள இடத்தில் பிழைச் செய்தி வரும். சம் சார்பைப் போட்டால் எழுத்தைத் தாண்டிக் கூட்டிவிடும்.

ஆவரேஜ் சார்பில் இன்னொரு பொறி அதன் எல்லை, அதாவது எந்தக் கலத்திலிருந்து எந்தக் கலம்வரை கணக்கெடுக்கிறது என்பது. தவணை நடுவில் ஒரு பிள்ளை இடம்மாறி வருகிறாள், பட்டியலின் கடைசியில் சேர்க்கிறீர்கள், வகுப்புச் சராசரியின் எல்லையோ பழைய கடைசி நிரையோடு நிற்கிறது. ரெயின்ஹார்ட், ரோகோப் என்ற இரு பொருளியல் பேராசிரியர்கள் நாடுகளின் கடன் பற்றி 2010இல் எழுதிய ஆய்வு பல அரசாங்கங்களின் விவாதங்களில் மேற்கோளாயிற்று. 2013இல் தோமஸ் ஹேர்ண்டன் என்ற பட்டப்பின் மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பை வாங்கித் திறந்து பார்த்தபோது, சராசரியின் எல்லை ஐந்து நிரை முன்னதாகவே நின்றிருந்தது. இருபது நாடுகளில் ஐந்து நாடுகள் அதனால் கணக்கில் வரவில்லை. அந்த ஆய்வில் வேறு குறைகளும் சொல்லப்பட்டன என்றாலும், அந்த ஐந்து நிரையை நான் மறப்பதில்லை. அந்த மாணவரால் அதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், மூலக் கோப்பு இருந்தது, கேட்டபோது கொடுக்கப்பட்டது. நான் பிள்ளைகளின் எண்ணிக்கையை மேலே ஒரு கலத்தில், எழுத்து உள்ள கலத்தையும் எண்ணும் கவுண்ட்ஏ சார்பால் எடுத்து வைத்திருக்கிறேன், இடாப்பில் 41 என்றால் அங்கேயும் 41 இருக்க வேண்டும்.

தரம் போடுவதற்கு, அட்டவணையில் தேடி எடுத்துத் தரும் வீலுக்கப் சார்பு இலகு. ஒரு சிறு அட்டவணையில் 0க்கு டபிள்யூ, 35க்கு எஸ், 50க்கு சி, 65க்கு பி, 75க்கு ஏ என்று ஏறுவரிசையில் எழுதி, அண்ணளவான பொருத்தத்தைத் தேடச் சொன்னால் போதும். இது சாதாரண தரத்துக்கான எல்லை. உயர்தரத்தில் சி 55இல் தொடங்கும், சித்தியடையாவிட்டால் எஃப். இரண்டுக்கும் வேறு வேறு அட்டவணை வையுங்கள். ஆனால் சராசரி 74.6 வந்தால் திரையில் தசமம் இல்லாமல் 75 என்று தெரியும், பக்கத்தில் தரம் பி என்று வரும். பெற்றோர் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். முதலில் ரவுண்ட் சார்பால் முழு எண்ணாக்கி, அதன் பிறகு தரத்தைத் தேடுங்கள். அல்லது தசமத்தோடே காட்டுங்கள். இரண்டில் எதுவானாலும் வகுப்பு முழுவதற்கும் ஒரே முறை.

இனி ரூப்ரிக். விரிதாளைவிட இதில்தான் எனக்கு அக்கறை அதிகம், ஏனென்றால் விரிதாள் நாம் கொடுத்த எண்ணைத்தான் பாதுகாக்கிறது. அந்த எண்ணே தள்ளாடினால் பாதுகாத்து என்ன பயன்? 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் இரண்டு ஆங்கில விடைத்தாள்களின் பிரதிகளைப் பாடசாலைகளுக்கு அனுப்பி நூற்றுக்குத் திருத்தச் சொன்னார்கள், 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். ஒரு தாளுக்கு வந்த புள்ளிகள் 64இலிருந்து 98வரை, இன்னொரு தாளுக்கு 50இலிருந்து 97வரை. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று சிலர் சொல்ல, அடுத்த ஆண்டே கேத்திர கணிதத் தாளை அனுப்பினார்கள். பரம்பல் இன்னும் கூடிற்று. நம் ஊர்க் கட்டுரைத் தாள் ஒன்றை ஐந்து ஆசிரியர்களுக்குக் கொடுத்தாலும் இதுதான் நடக்கும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

ரூப்ரிக் என்பது புதிய சரக்கு அல்ல. நம் ஆசிரியர் வழிகாட்டிகளில் கணிப்பீட்டு நியதிகள் என்று வருவதும், மிக நன்று, நன்று, சாதாரணம் என்று படி பிரிப்பதும் அதே குடும்பம்தான். பழுது எங்கே என்றால், படிகளுக்குப் பெயர் மட்டும் இருக்கிறது, அந்தப் படியில் தாளில் என்ன தெரியும் என்று எழுதியிருப்பதில்லை. "உள்ளடக்கம்: நன்று" என்றால் இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாக எடுப்பார்கள். சூழல் மாசடைதல் பற்றிய ஒரு கட்டுரைக்கு நான் உள்ளடக்கத்தை இப்படி எழுதினேன். நான்காம் படி: குறைந்தது மூன்று கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் தான் கண்டதிலிருந்தோ வாசித்ததிலிருந்தோ ஓர் உதாரணம். மூன்றாம் படி: மூன்று கருத்துகள், ஒன்றிரண்டுக்கே உதாரணம். இரண்டாம் படி: கருத்து ஒன்றோ இரண்டோ, அதையே வேறு சொல்லில் திரும்பச் சொல்கிறது. முதலாம் படி: தலைப்பைத் தொட்டுவிட்டு விலகிப் போகிறது. வெள்ளவத்தைக் கடற்கரையில் கரை ஒதுங்கும் பிளாஸ்டிக்கையும், 2017இல் மீதொட்டமுல்லையில் சரிந்த குப்பை மேட்டையும் எழுதிய பிள்ளை எங்கே நிற்கிறாள், "சூழலைப் பாதுகாப்பது நம் கடமை" என்று ஐந்து முறை எழுதிய பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதில் இப்போது சண்டை வராது.

மொழிப்பிழைக்கு வேறு நியதி வையுங்கள். ல, ள, ழ மாறாட்டமும் ர, ற மாறாட்டமும் உள்ள தாளைக் கண்டதும் நம் கை தானாகவே உள்ளடக்கத்திலும் குறைத்துவிடும். ஒரு குணத்தைப் பார்த்து மற்றக் குணங்களையும் அதே அளவில் எடைபோடும் இந்தப் பழக்கத்தை எட்வர்ட் தோர்ன்டைக் என்ற உளவியலாளர் 1920இலேயே எழுதி வைத்திருக்கிறார். கொழும்புப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், டியூஷனில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளையின் எழுத்துக்கூட்டல் தடுமாறலாம், சிந்தனை தடுமாறாமல் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே எண்ணாக்கினால்தான் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். நியதி நான்கு போதும், ஐந்தைத் தாண்ட வேண்டாம். கூகுள் கிளாஸ்ரூம் ஒரு ரூப்ரிக்கில் ஐம்பது நியதிவரை போட விடுகிறது. அவ்வளவு போட்டு நாற்பது தாள் திருத்த எந்த மனிதராலும் முடியாது.

இப்போது இந்தப் படிகளை எண்ணாக்கும் இடம். பெரும்பாலானவர்கள் இதில்தான் வழுக்குகிறார்கள். நான்கு நியதி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 என்றால் மொத்தம் 16. எல்லாவற்றிலும் மூன்றாம் படி எடுத்த பிள்ளைக்கு 12, அதாவது 75 வீதம், ஏ. ஒரே ஒரு நியதியில் ஒரு படி இறங்கினால் 11, அதாவது 68.75, பி. எல்லாவற்றிலும் இரண்டாம் படி எடுத்தவருக்கு 50 வீதம், சி. இது உங்கள் மனதில் உள்ள தரங்களோடு ஒத்துவருகிறதா என்று முதலில் பாருங்கள். மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அதன் ரூப்ரிக்கில் ஆகக் குறைந்த கூட்டுத்தொகையை எப்படிக் கொள்வது என்று ஒரு தெரிவு இருக்கிறது. அந்தத் தெரிவின் பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை நீக்கிவிட்டால், எல்லாவற்றிலும் 1 எடுத்தவருக்கு 25 வீதம் அல்ல, 0 வரும். 4இலிருந்து 16வரை உள்ள தூரத்தை 0இலிருந்து 100வரை விரித்துவிடும். அப்போது எல்லாவற்றிலும் மூன்றாம் படி எடுத்த பிள்ளைக்கு 66.7, பி. அதே தாள், அதே ஆசிரியர், அதே அடையாளங்கள், ஒரு சிறு பெட்டியால் தரம் மாறுகிறது. நான் படிக்குப் புள்ளி எல்லை வைத்துக்கொள்கிறேன். இருபத்தைந்து புள்ளி நியதியில் நான்காம் படி 21 முதல் 25, மூன்றாம் படி 16 முதல் 20 என்று இப்படியே. முதலில் படியைத் தீர்மானித்து, பிறகு அந்த எல்லைக்குள் எண்ணைப் போடுவேன். முதல் தாளில் மொத்தம் மட்டும் அல்ல, நான்கு நியதிக்கும் நான்கு நிரல் இருக்கும். "ஏன் 58?" என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

ரூப்ரிக்கைக் கட்டுரை எழுத முன்னரே பிள்ளைகளிடம் கொடுங்கள். கொமியூனிகேஷன் கடையில் ஒரு பக்கமாகப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொப்பியில் ஒட்டச் சொல்லலாம். திருத்த முன், ஐந்து தாள்களைப் பெயர் மறைத்து இன்னொரு தமிழ் ஆசிரியரோடு தனித்தனியே திருத்திப் பாருங்கள். ஒரு நியதியில் இரண்டு படி வித்தியாசம் வந்தால் பிள்ளையின் பிழை அல்ல, நியதியின் வசனம் தெளிவில்லை, மாற்றி எழுதுங்கள். அதன் பிறகு மிச்சத்தைத் திருத்தலாம். குறுவினாக்களுக்கும் பல்தேர்வுக்கும் ரூப்ரிக் வேண்டாம், புள்ளியிடும் திட்டமே போதும். ரூப்ரிக்குக்குள் அடங்காத தாள் ஒன்று எப்போதாவது வரும். கட்டுரை கேட்ட இடத்தில் தன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி, அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற பிள்ளை. அதற்காகவே "குறிப்பு" என்றொரு நிரல் வைத்திருக்கிறேன். நியதிப்படி வந்த புள்ளியை மாற்றினால் ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி அங்கே இருக்கும்.

"வகுப்பில எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. ராங்க் சார்பு அதை ஒரு நொடியில் தந்துவிடும். அதில் எனக்கு ஒரு மனக்கசப்பு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பாடங்களின் புள்ளியை அப்படியே கூட்டி வரிசைப்படுத்துவது பாடத்தாள்களின் கடினத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கணிதத்தில் வகுப்புச் சராசரி 42, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) 18 என்றால் 60 எடுத்த பிள்ளை சராசரியைவிட ஒரு முழு விலகல் மேலே நிற்கிறாள். தமிழில் சராசரி 68, விலகல் 8 என்றால் 72 எடுத்தவர் அரை விலகல்தான் மேலே. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இசட் புள்ளி வந்ததன் அடிப்படையும் இதுதான். வகுப்பறையில் இசட் புள்ளி போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு அது பெரிய உடை. ஆனால் நிலை கேட்கும் பெற்றோரிடம், ஒவ்வொரு பாடத்திலும் வகுப்புச் சராசரி என்ன, உங்கள் பிள்ளை போன தவணை எங்கே நின்றாள், இப்போது எங்கே நிற்கிறாள் என்று காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் அதோடு சமாதானமாகிவிடுகிறார்கள்.

புள்ளிப்பட்டியலைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து தொடங்க வேண்டாம். டபிள்யூ எடுத்த பிள்ளையின் பெயரை நாற்பது வீடுகள் பார்க்கின்றன. இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியிருக்கிறது. சிறுவர்களைப் பற்றிய தரவை அது விசேட வகைக்குள் வைக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். வேர்டில் உள்ள மெயில் மேர்ஜ் வசதியால் மூன்றாம் தாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி அறிக்கை அச்சிடலாம், அரை மணி நேர வேலை. கூகுள் சீட்ஸில் இணைப்பைப் பகிரும்போது "இணைப்பு உள்ள எவரும்" என்ற தெரிவு வேண்டாம், ஆள்களின் மின்னஞ்சலைக் கொடுத்துப் பகிருங்கள்.

பாதுகாப்புக்கு: பாடசாலைக் கணினி அறையில் பென்டிரைவ் ஒன்றிலிருந்து மற்றதற்கு வைரஸ் தாவுவது உங்களுக்குத் தெரியும், அதில் ஒரே பிரதியை வைத்திருக்காதீர்கள். பென்டிரைவில் ஒன்று, இணையத்தில் கூகுள் டிரைவில் ஒன்று. 2022இல் மின்வெட்டு நாள்களில் நாம் பட்ட பாட்டை நினைத்து, தவணைப் புள்ளி முடிந்ததும் முதல் தாளை அச்சிட்டுக் கையெழுத்தும் திகதியும் போட்டுக் கோவையில் வைக்கிறேன். அதன் பிறகு கோப்பில் அந்த நிரல்களைப் பூட்டிவிடுவேன். கூகுள் சீட்ஸில் பதிப்பு வரலாறு என்று ஒன்று இருக்கிறது, எந்தக் கலத்தை யார் எப்போது மாற்றினார் என்று காட்டும். சி.ஆர். கொப்பியில் வெட்டியது தெரிந்ததுபோல விரிதாளில் தெரிகிற இடம் அதுதான். பல ஆசிரியர்கள் சேர்ந்து ஏற்றும் கோப்புக்கு அதனாலேயே நான் சீட்ஸைத்தான் விரும்புகிறேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். ஐந்து வகுப்பையும் ஒரே தவணையில் மாற்ற வேண்டாம். தரம் 9இல் ஒரு வகுப்பை மட்டும் எடுங்கள், சாதாரண தரப் பிள்ளைகளில் பரிசோதனை வேண்டாம். அந்த வகுப்புக்கு இந்தத் தவணை முழுக்கச் சி.ஆர். கொப்பியிலும் எழுதுங்கள், விரிதாளிலும் ஏற்றுங்கள். தவணை முடிவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறதோ அங்கே ஒரு பாடம் இருக்கும். ரூப்ரிக்கும் ஒரே ஒரு கட்டுரைக்கு. அதிபரிடம் இதை இப்படியே சொல்லலாம், நியாயமான அதிபர் ஒரு தவணை தருவார்.

கோப்பின் தொடக்கத்தில் நான்காவதாக ஒரு தாளும் வையுங்கள், "முதலில் இதை வாசிக்கவும்" என்று பெயரிட்டு. "வ" என்றால் என்ன, "த" என்றால் என்ன, எந்த ஒப்படைக்கு எத்தனை வீதம், எந்தத் திகதியில் பூட்டியது என்று பத்து வரி. நீங்கள் இடமாற்றம் பெற்றோ மகப்பேற்று விடுமுறையிலோ போய், வேறொருவர் அந்த வகுப்பை எடுத்து, ஒரு தாய் விடைத்தாளோடு அவர் முன்னால் வந்து நிற்கும்போது, அவர் முதலில் திறக்கப் போவது அந்தத் தாளைத்தான்.